தம்பிக்கு எந்த வேலை பிடிக்கும்? போனை வைத்துக் கண்டுபிடிக்கும் செய்முறை

என் தம்பிக்கு 24 வயது. டவுன் சின்ட்ரோம் உள்ளவன். "அவருக்கு என்ன வேலை பிடிக்கும்?" என்று சமூகசேவை உத்தியோகத்தர் கேட்டபோது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அவனைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் "ஓம்". கடையில் நிற்பியா? ஓம். மேசன் வேலைக்குப் போவியா? ஓம். சீனக்குடா விமானத் தளத்தில் பிளேன் ஓட்டுவியா? அதற்கும் ஓம்.

இது அவனுடைய குணம் மட்டுமில்லை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் ஆம் அல்லது இல்லை என்று கேட்டால் பெரும்பாலும் "ஆம்" தான் வரும் என்று ஆய்வாளர்கள் 1980களிலேயே எழுதியிருக்கிறார்கள். இது தெரியாமல் நான் ஆறு மாதம் வீணாக்கினேன். நீங்கள் வீணாக்க வேண்டாம்.

படி 1: படம் எடுங்கள்

இணையத்தில் படம் தேடாதீர்கள். ஸ்பெயினின் அராகன் மாகாண அரசு இலவசமாகத் தரும் அராசாக் படக்குறிகள் அருமையானவை. கை கழுவு, உடுப்பு மாற்று போன்றவற்றுக்கு நானே பாவிக்கிறேன். ஆனால் வேலைக்கு அவன் கண்ணால் கண்ட இடம்தான் வேண்டும். கேட்டு அனுமதி வாங்கி ஆறு வேலைகளைப் படம் எடுத்தேன்: துவாய் மடித்தல், தட்டு அடுக்குதல், முற்றம் கூட்டுதல், கடையில் விலை ஒட்டுதல், பையில் சாமான் போடுதல், பூச்செடிக்குத் தண்ணீர் விடுதல். எல்லாவற்றையும் போனை ஒரே மாதிரிப் பிடித்து எடுங்கள்.

படி 2: இரண்டில் ஒன்று

நான் சறுக்கியது இங்கேதான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில், எந்த வேலையில் ஆர்வம் என்று கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கும் ஓநெட் (O*NET) ஆர்வக் கணிப்பைப் பார்த்தேன். அமெரிக்கத் தொழில் திணைக்களம் இலவசமாகத் தருவது. 60 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து தெரிவு, அதுவும் ஆங்கிலத்தில். பத்தாவது கேள்வியில் தம்பி எழுந்து போய்விட்டான். சரி, நாமே செய்வோம் என்று, கேள்விப் படிவம் செய்ய உதவும் கூகுள் ஃபார்ம்ஸைத் திறந்தேன். கணினியில் செய்யுங்கள், போனில் விரல் நோகும்.

ஆறு வேலைகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 15 சோடி வரும். ஒரு கேள்விக்கு ஒரு சோடி. தெரிவுகளில் படத்தை ஏற்றி, கீழே "துவாய்", "தட்டு" என்று ஒரு சொல் மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் தனிப் பகுதியாக்கினால் திரையில் ஒரு சோடிதான் தெரியும். கேள்வியின் அடியில் மூன்று புள்ளியை அழுத்தி, தெரிவுகளின் வரிசையைக் கலக்கச் சொல்லுங்கள். இதை மறந்தால், எப்போதும் ஒரே பக்கத்தைத் தொடும் பிள்ளையின் கைப்பழக்கத்தைத்தான் கண்டுபிடிப்பீர்கள். முதல் கேள்வியில் இதைப் போட்டுவிட்டு, அதையே பிரதி எடுத்துப் படங்களை மாற்றுவது சுலபம்.

ஒரு நாளைக்கு ஐந்து சோடி போதும். "எது?" என்று மட்டும் கேளுங்கள். முகத்தில் ஒன்றும் காட்டாதீர்கள்.

மூன்று நாளில் முடிவு வந்தது: பையில் சாமான் போடுதல், அது வந்த ஐந்து சோடியிலும் அதையே தொட்டான், ஐந்துக்கு ஐந்து! அம்மாவுக்குச் சந்தோஷம், கடை பக்கத்துத் தெருவில். கடையில் கொண்டுபோய் விட்டால் அவன் பையைத் தொடவே இல்லை, வாசலில் போய் நின்றான். வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடை வாசலில் மச்சானின் மோட்டார் சைக்கிள்! தம்பி தெரிவு செய்தது சைக்கிளை.

ஆறு படத்தையும் திரும்ப எடுத்தேன். கையும் சாமானும் மட்டும். ஆட்கள் இல்லை, வாகனம் இல்லை, நாய்க்குட்டி இல்லை. பிறகு ஒரு வார இடைவெளியில் இரண்டு சுற்று. துவாய் பத்துக்கு ஒன்பது. பை பத்துக்கு மூன்று.

படி 3: ஒரு பக்கம்

வேலை தருபவரிடம் காட்ட கூகுள் ஸ்லைட்ஸில் ஒரே பக்கம்: அவன் துவாய் மடிக்கும் படம், செய்யத் தெரிந்தவை, தேவையான உதவி, கோபம் வரும் விஷயங்கள். எங்கள் பக்கத்தில் "இரண்டு வேலையை ஒன்றாகச் சொல்லாதீர்கள்" என்று எழுதினோம். திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளியில் ஒரு ஹோட்டேலில் சான்றிதழைவிட இந்தப் பக்கத்தைத்தான் கூடநேரம் பார்த்தார்கள். (இலங்கையில் அரச வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 சதவீதம் ஒதுக்கும் சுற்றறிக்கை 1988 முதல் இருக்கிறது. கல்வித் தகைமை கேட்பதால் எங்களுக்கு உதவவில்லை. உங்கள் பிள்ளைக்குத் தகைமை இருந்தால் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பாருங்கள்.)

படி 4: காலை நேரம்

நினைவூட்டும் செயலிகள் நாலைந்து போட்டுப் பார்த்து எல்லாவற்றையும் அழித்தேன். போன் பற்றரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று அவற்றை உறங்க வைத்துவிடும். ஆன்ட்ராய்டின் கடிகாரமே போதும். அம்மாவின் குரலைப் பதிந்து, அலாரம் ஒலியாகச் சேர்த்தோம்: "ராசா, பல்லுத் தீட்டு." அவனும் போனுக்கு "ஓம் அம்மா" என்று பதில் சொல்வான். ஆனால் அலாரம் நிறுத்தும்வரை திரும்பத் திரும்பப் பாடும், அவனுக்குக் கோபம் வந்தது. பதிவின் கடைசியில் பத்து செக்கன் மௌனம் விடுங்கள், சரியாகிவிடும்.

பிற்சேர்க்கை 1: ஃபார்ம் திறக்கும்போது கூகுள் கணக்கு கேட்கிறது என்று இருவர் எழுதியிருந்தீர்கள். "ஒருவருக்கு ஒரு பதில்" என்ற அமைப்பை நிறுத்துங்கள். ஒரே ஆள் பல தடவை செய்யவும் அது நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்.

பிற்சேர்க்கை 2: மூதூரிலிருந்து ஒரு அம்மா, மகள் திரையைத் தொடமாட்டாள், பார்க்க மட்டும் செய்வாள் என்றார். அப்படியானால் படங்களை அச்சடித்து மேசையில் இரண்டு பக்கமும் வையுங்கள், கண் எங்கே நிற்கிறது என்று பார்த்து நீங்களே ஃபார்மில் குறியுங்கள். இடம் மாற்றி வைக்க மறக்காதீர்கள்.

பிற்சேர்க்கை 3: தம்பி நிலாவெளிக்கு வேலைக்குப் போகும் பஸ்சைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. நான் "நிலாவெளி" போர்டை மட்டும் படம் எடுத்துப் பழக்கினேன். முதல் நாள் குச்சவெளி பஸ்சையும் புல்மோட்டை பஸ்சையும் விட்டுவிட்டு அவன் பஸ் நிலையத்தில் ஒன்றரை மணித்தியாலம் நின்றான். அந்த இரண்டு பஸ்சும் நிலாவெளி வழியாகத்தான் போகும். அவனில் பிழை இல்லை, நான் காட்டிய படத்துக்காகக் காத்திருந்தான். இப்போது போனில் நாலு போர்டு இருக்கிறது: நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி, புல்மோட்டை. எது முதலில் வந்தாலும் ஏறிவிடுகிறான்.