வற்றாத பாலாறு: வில் எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் காட்பாடியில் வெளியே தலைகாட்ட முடியாது. அக்கா மகனும் அவன் நண்பர்கள் மூன்று பேரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் குப்புறப் படுத்து, கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டை ஆடுவார்கள். சர்வர் என்னுடையது. பழைய கணினி ஒன்றில் ஓடுகிறது. ஒரு வருடமாக அதில் வேலூர்க் கோட்டையைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். அகழி முடிந்துவிட்டது, மதில் முக்கால்வாசி எழும்பிவிட்டது, ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரம் இரண்டு நிலையோடு நிற்கிறது. அன்றைக்கு மதில்மேல் காவல் நின்ற சத்துவாச்சாரிப் பையன் திடீரென்று எழுந்து உட்கார்ந்தான். "அண்ணா, வில்லைச் சரிசெய்ய முடியவில்லை. சிவப்பு எழுத்தில் ஏதோ வருகிறது" என்றான்.

எட்டிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சிவப்பு எழுத்தை நானும் பார்த்திருக்கிறேன். பார்த்த அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு நான் பார்த்த புதியவர்களில் பாதிப்பேர் அதே பள்ளத்தில்தான் விழுந்தார்கள். ஆகவே இதை எழுதுகிறேன். அம்பு எடுக்காமல் வேட்டைக்குக் கிளம்புவது, இருட்டில் கண்மூடித்தனமாக எய்வது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை இரண்டு முறை செத்தால் தானே கற்றுக்கொள்வார்கள். எண்கள் எல்லாம் ஜாவா பதிப்புக்கானவை. கைப்பேசியில் ஆடும் பெட்ராக் பதிப்பில் சில எண்கள் மாறும்.

நாணை அரைகுறையாக இழுப்பது

வில்லை முழுதாக இழுக்க ஒரு விநாடி ஆகும். ஒரே ஒரு விநாடிதான். ஆனால் எதிரே, கிட்டே வந்து வெடிக்கும் கிரீப்பர் வரும்போது அது காட்பாடி மேம்பால நெரிசலில் நிற்பதைப்போல நீளும். பையன்கள் பதறி, பாதி இழுப்பிலேயே விட்டுவிடுவார்கள். அம்பு நாலடி போய்த் தரையில் குத்தி நிற்கும்.

முழுதாக இழுத்துவிட்டால் கையிலிருக்கும் வில் லேசாக நடுங்கும். அதுதான் அடையாளம். விட்ட அம்பின் பின்னால் சிறு பொறிகள் கோடாகத் தொடரும். அந்த அம்பு 6 முதல் 11 வரை சேதம் தரும். இழுத்தும் இழுக்காமலும் தட்டிவிட்ட அம்பு 1 தரும். வில்லோடு திரியும் எலும்புக்கூடு எதிரியின் உயிர் 20. இரண்டு மூன்று அம்பில் முடிய வேண்டிய வேலைக்கு ஒரு கட்டு அம்பைக் காலி செய்துவிட்டு, "மாமா, இந்த வில் சரியில்லை" என்று என்னிடம் வருகிறான் என் அக்கா மகன்.

இன்னொன்று, நாணை இழுத்திருக்கும்போது நடை தளர்ந்துவிடும். ஓடிக்கொண்டே எய்யலாம் என்று நினைத்தால் ஓட்டமும் இருக்காது, அடியும் இருக்காது. முதலில் நிற்கும் இடத்தைப் பாருங்கள், பிறகு நாணைத் தொடுங்கள்.

எதையும் அம்பால் அடிக்கலாம் என்று நம்புவது

சில எதிரிகளிடம் அம்பு பலிக்காது. எண்டர்மேன் மீது அம்பு விடாதீர்கள். அம்பு வந்து சேருமுன் அது வேறிடத்துக்கு மறைந்துவிடும். ஷல்கர் தன் ஓட்டுக்குள் மூடிக்கொண்டிருக்கும்போது அம்பு பட்டுத் தெறிக்கும். அது திறக்கும்வரை பொறுக்க வேண்டும். விதர் பாதி உயிருக்குக் கீழே இறங்கியதும் அதன்மேல் அம்பே ஏறாது, அப்போது வாள்தான். பிரீஸ் வரும் அம்பைத் திருப்பி அனுப்பிவிடும். எண்டர் டிராகன் பறக்கும்போது அம்பு வேலை செய்யும், நடுமேடையில் வந்து அமர்ந்தபின் செய்யாது. அமர்ந்த டிராகன்மீது எய்துகொண்டே இருப்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அருகே போக பயம், வேறென்ன.

இவற்றைவிட மோசமானது விளையாட்டின் பாதாளமான நெதர் உலகத்தில் நடந்தது. அங்கே பன்றி முக ஜாம்பிகள் கூட்டமாகத் திரியும். நாம் சும்மா இருந்தால் அவையும் சும்மா இருக்கும். தூரத்தில் ஒன்று நின்றது, குறி பழகலாம் என்று பையன்களில் ஒருவன் ஓர் அம்பு விட்டான். தொலைவிலிருந்து அடித்தால் யார் அடித்தது என்று அதற்குத் தெரியாது என்பது அவன் கணக்கு. அதற்குத் தெரியும். பக்கத்தில் இருப்பவற்றுக்கும் தெரியும். இருபது வாள்கள் எங்கள்மேல் பாய்ந்தன. நான்கு பேரும் பொருள்களை எல்லாம் அங்கேயே போட்டுவிட்டுச் செத்தோம்.

இன்ஃபினிட்டி என்ற சொல்லை நம்புவது

இப்போது அந்தச் சிவப்பு எழுத்து.

வில்லுக்கு இன்ஃபினிட்டி என்று ஒரு மந்திரம் உண்டு. பையில் ஓர் அம்பு இருந்தால் போதும், எத்தனை முறை எய்தாலும் அது தீராது. மந்திர மேசையிலேயே கிடைத்துவிடும். புதியவர்களுக்கு இதைவிட இனிப்பான செய்தி கிடையாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. 2019 வாக்கில் அப்படி ஒரு வில்லைச் செய்து, அடியைக் கூட்டும் பவர் 5, ஆயுளைக் கூட்டும் அன்பிரேக்கிங் 3, தீ வைக்கும் ஃபிளேம், எதிரியைத் தள்ளும் பஞ்ச் 2 என்று கிடைத்த மந்திரப் புத்தகங்களை எல்லாம் ஏற்றி, அதற்குப் 'பாலாறு' என்று பெயர் வைத்தேன். வற்றாது என்ற பொருளில். வருடத்தில் முக்கால்வாசி நாள் மணலாகக் கிடக்கும் ஆற்றின் பெயரை வற்றாத வில்லுக்கு வைத்தவனை என்னவென்று சொல்வது? அக்கா அப்போதே சிரித்தாள்.

அம்புதான் தீராது. வில் தீரும். சாதாரண வில் 384 முறை எய்தால் உடையும். அன்பிரேக்கிங் 3 இருந்தால் சராசரியாக அதைப்போல நான்கு மடங்கு தாங்கும், 1,500 சொச்சம். தீராத அம்பு கையில் இருக்கும்போது மரத்தையும் சுவரையும் நிலாவையும் நோக்கி எய்துகொண்டே இருப்போம். 1,500 என்பது இரண்டு வாரம்கூடத் தாங்காது.

தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் மந்திரம் ஒன்று இருக்கிறது, பெயர் மெண்டிங். ஆனால் இன்ஃபினிட்டி இருக்கும் வில்லில் மெண்டிங் ஏறாது. முன்பு ஏறியது. 2016 இறுதியில் வந்த 1.11.1 பதிப்பிலிருந்து இரண்டில் ஒன்றுதான். ஆக, இன்ஃபினிட்டி வில்லை மந்திரத்தோடு சரிசெய்ய ஒரே வழி ஆன்வில், அதாவது பட்டறைக்கல். அதன்மேல் இன்னொரு வில்லை வைத்து இரண்டையும் சேர்க்க வேண்டும்.

பட்டறைக்கல்லுக்கு நினைவு உண்டு. ஒரு பொருளை அதில் வைக்கும் ஒவ்வொரு முறையும் அடுத்த முறைக்கான அபராதம் ஏறும். முதலில் ஒன்றுமில்லை, பிறகு 1, 3, 7, 15, 31, 63 லெவல், அதாவது அனுபவப் புள்ளி சேர்த்து ஏறும் படி. மொத்தச் செலவு 40 லெவலைத் தொட்டால் 'டூ எக்ஸ்பென்சிவ்' என்று சிவப்பில் எழுதிவிட்டுக் கதவைச் சாத்திவிடும். உங்களிடம் நூறு லெவல் இருந்தாலும் வாங்காது.

சத்துவாச்சாரிப் பையன் செய்தது, நான் செய்தது, எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஐந்து புத்தகங்களையும் கிடைக்கக் கிடைக்க ஒவ்வொன்றாக வில்லில் ஏற்றுவது. புத்தகங்களின் விலை இன்ஃபினிட்டி 4, பவர் 5, அன்பிரேக்கிங் 3, ஃபிளேம் 2, பஞ்ச் 4, ஆகமொத்தம் 18. அபராதம் 1, 3, 7, 15 சேர்ந்து 26. எந்த வரிசையில் ஏற்றினாலும் 44 லெவல். அதுகூடப் போகட்டும். வில்லின் தலையில் இப்போது 31 அபராதம் உட்கார்ந்திருக்கிறது. முதல் பழுதுபார்ப்புக்கு 33 லெவல் கேட்கும். பூஜ்யத்திலிருந்து 33 லெவல் ஏற 1,758 அனுபவப் புள்ளி வேண்டும், எலும்புக்கூடு ஒன்றுக்கு 5 புள்ளி. 352 எலும்புக்கூடுகளைக் கொன்று ஒரே ஒருமுறை சரிசெய்யலாம். அடுத்த முறை சிவப்பு எழுத்து. அவ்வளவுதான், அந்த வில்லுக்கு நாள் குறித்தாயிற்று.

அதே புத்தகங்களை ஜோடி சேர்த்து ஏற்றினால்? வில்லில் இன்ஃபினிட்டியை வையுங்கள், 4. பவர் புத்தகத்தோடு அன்பிரேக்கிங்கைச் சேருங்கள், 3. பஞ்ச் புத்தகத்தோடு ஃபிளேமைச் சேருங்கள், 2. முதல் ஜோடியை வில்லில் ஏற்ற 10, இரண்டாம் ஜோடியை ஏற்ற 10. மொத்தம் 29 லெவல்தான், வில்லின் அபராதமும் 7தான். மூன்று முறை பழுதுபார்க்கலாம், 9, 17, 33 என்ற விலையில். வில்லும் அதே வில், புத்தகமும் அதே புத்தகம். சேர்த்த முறை மட்டும்தான் வேறு. இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை என்ற எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை.

என் பாலாற்றின் கடைசிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு எழுத்து வந்ததும் நான் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன். பட்டறைக்கல் மறுத்தால் என்ன, கைவினை மேசையில் இரண்டு வில்லை வைத்தால் ஒன்றாகச் சேருமே என்று சேர்த்தேன். சேர்ந்தது. ஆயுள் நிறைந்த புத்தம் புது வில் கையில் வந்தது. பவர் இல்லை, ஃபிளேம் இல்லை, பெயர்கூட இல்லை. கைவினை மேசையில் சேர்த்தால் மந்திரம் எல்லாம் கழுவிப்போகும். ஆறு மாத வில் மூன்று குச்சி மூன்று நூல் வில்லாகிவிட்டது.

இதற்கெல்லாம் மாற்று, அலுப்பாகத் தோன்றும் அந்த மெண்டிங்தான். கையில் பிடித்திருக்கும்போது சேரும் ஒவ்வொரு அனுபவப் புள்ளிக்கும் வில்லின் ஆயுள் 2 ஏறும். எலும்புக்கூடு ஒன்றைக் கொல்ல மூன்று அம்பு, மூன்று ஆயுள் செலவு. கிடைக்கும் 5 புள்ளியில் 10 ஆயுள் வரவு. வேட்டையாட வேட்டையாட வில் புதிதாகிக்கொண்டே இருக்கும். பட்டறைக்கல் பக்கம் போக வேண்டியதே இல்லை.

"அம்புக்கு எங்கே போவது?" என்று உடனே கேட்பார்கள். கிராமத்தில் அம்பு செய்பவர் ஒருவரைக் குடிவையுங்கள். 32 குச்சி கொடுத்தால் ஒரு மரகதம் தருவார், அந்த மரகதத்தைத் திருப்பிக் கொடுத்தால் 16 அம்பு தருவார். 32 குச்சி என்பது நான்கு மரக்கட்டை. ஒரே மரத்தை வெட்டினால் 16 அம்பு கிடைக்கிற ஊரில் தீராத அம்பு எதற்கு?

மெண்டிங் மந்திர மேசையில் வராது, தேடித்தான் எடுக்க வேண்டும். அதுவரை பொறுமையில்லாமல் இன்ஃபினிட்டியைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். டிராகனை அடிக்க ஒருமுறை போய்வருவதற்கு இன்ஃபினிட்டி நல்லதுதான், மறுக்கவில்லை. அதை ஆயுளுக்கும் வைத்துக்கொள்ளும் வில்லில் ஏற்றாதீர்கள்.

குறுக்குவில்லை வில்லைப்போல நடத்துவது

2019இல் வந்த கிராஸ்போ எனும் குறுக்குவில்லின் சிறப்பே, ஏற்றிவைத்து அப்படியே பையில் போட்டுக்கொள்ளலாம் என்பது. ஏற்ற 1.25 விநாடி ஆகும், குவிக் சார்ஜ் 3 மந்திரம் இருந்தால் அரை விநாடி. சண்டை தொடங்குமுன் இரண்டு மூன்றை ஏற்றி வரிசையாக வைத்துக்கொண்டால் ஒன்று முடிந்ததும் அடுத்தது. பையன்களோ எதிரியைப் பார்த்த பிறகு ஏற்றத் தொடங்குகிறார்கள்.

மல்டிஷாட் ஏற்றினால் மூன்று அம்பு விரிந்து போகும். தூரத்தில் நிற்கும் ஒருவன்மேல் நடு அம்பு மட்டுமே படும், ஆனால் ஆயுள் மூன்று குறையும். திரும்பப் பொறுக்க முடிவதும் நடு அம்பு மட்டும்தான். கூட்டம் நெருங்கி வரும் இடத்துக்கு அது சரி. மற்றபடி பியர்சிங் எடுங்கள், கேடயத்தையும் துளைத்துப் போகும்.

இடக்கையில் வாணம் இருந்தால் குறுக்குவில் அம்பை விட்டுவிட்டு அதைத்தான் ஏற்றும். நட்சத்திர மருந்து வைக்காத வாணம் சேதமே செய்யாது. தீபாவளி மட்டும் நடக்கும்.

எலும்புக்கூடு விட்ட அம்பைப் பொறுக்கப் போவது

பொறுக்க முடியாது.

தண்ணீருக்குள் வில்

அம்பு சோர்ந்து விழும். திரிசூலம் சோராது.

அகழியில் திரிசூலம் தேடுவது

திரிசூலத்தைச் செய்ய முடியாது. நீரில் திரியும் மூழ்கிய ஜாம்பியிடமிருந்துதான் பெற வேண்டும். நூறில் ஆறு பேர் கையில் அது இருக்கும். இருப்பவனைக் கொன்றாலும் விழும் வாய்ப்பு 8.5 சதவீதம். கூட்டிக் கழித்தால் 190 பேருக்கு ஒன்று.

பையன்கள் இதைத் தெரிந்துகொண்டு ஒரு திட்டம் போட்டார்கள். சாதாரண ஜாம்பி தண்ணீரில் முழுகினால் மூழ்கிய ஜாம்பியாக மாறும் அல்லவா? நம்மிடம்தான் அகழி இருக்கிறதே. மூன்று இரவுகள் ஜாம்பிகளை ஏமாற்றிக் கூட்டிவந்து மதில் பக்கமாக அகழியில் தள்ளினார்கள். அவையும் மாறின. நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். ஒரு திரிசூலமும் வரவில்லை. அப்படி மாறியவற்றின் கையில் திரிசூலம் இருக்கவே இருக்காது, ஆற்றிலும் கடலிலும் தானாகத் தோன்றுபவற்றுக்குத்தான் அந்த வாய்ப்பு. எனக்கு முதல் நாளே தெரியும். சொல்லியிருக்கலாம்தான். அகழிப் பக்கம் மதில் வேலை பாக்கி இருந்தது, பையன்கள் அங்கேயே கிடந்ததால் அந்த மூன்று இரவில் அது முடிந்தது.

திரிசூலம் கிடைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எறிந்ததைத் திரும்ப வரவைக்கும் லாயல்டி மந்திரம் ஏற்றாமல் கடலுக்கு மேல் எறியாதீர்கள், நீந்திப்போய்த்தான் எடுக்க வேண்டும். ரிப்டைட் மந்திரம் ஏற்றியதை எறியவே முடியாது.

இப்போது மீன் பிடிப்பதற்காக அந்த அகழியை அகலப்படுத்திவிட்டார்கள். தூண்டில் மிதவையைச் சுற்றி ஐந்துக்கு ஐந்து கட்டை திறந்த நீர் இருந்தால்தான் மீனோடு புதையலும் வரும், மெண்டிங் புத்தகம் உட்பட. சத்துவாச்சாரிப் பையன் தன் வில்லை வாயில்மேல் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறான். இதுவரை ஒரு சேணமும் இரண்டு தோல் காலணியும் வந்திருக்கின்றன. ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் நடுவே இருப்பவனுக்குத் தோல் காலணி.