சப்ஃப்ரேம் மாற்றிய பிக்கப்புக்கு அலைன்மென்ட்

மண்டபம் பக்கம் மீன்பெட்டி ஏற்றும் பழைய பிக்கப்பில் வேறு வண்டியின் முன் சப்ஃப்ரேமை (முன் சக்கரங்களையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் அடிச்சட்டம்) மாட்டியிருக்கிறீர்களா? அலைன்மென்ட் அளவை, அதாவது சக்கரங்கள் நிற்க வேண்டிய கோணங்களை, அந்த வண்டியின் புத்தகத்தில் தேடுங்கள், பிக்கப்பின் புத்தகத்தில் அல்ல. இது தெரியாமல் நான் ஒரு ஜோடி டயரைத் தின்னக் கொடுத்தேன்.

முதலில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரத்தை இரண்டு பக்கமும் டேப் பிடித்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் சப்ஃப்ரேம் கோணலாக உட்கார்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் அலைன்மென்ட் மெஷினில் ஏற்றிப் பயனில்லை.

பிறகு காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு), கேம்பர் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்), கடைசியாக டோ (இரண்டு முன் சக்கரங்களுக்கு நடுவே முன்பக்க இடைவெளிக்கும் பின்பக்க இடைவெளிக்கும் உள்ள வித்தியாசம்). டோ பார்க்க, இரண்டு முன் டயரையும் தூக்கிச் சுழற்றி நடுவில் சாக்பீஸ் கோடு போடுங்கள். இறக்கி, கொஞ்சம் உருட்டி, ஒரு டயரின் கோட்டிலிருந்து மறு டயரின் கோட்டுக்கு அளந்தால், பெரும்பாலும் முன்பக்கம் பின்பக்கத்தைவிட 2 மி.மீ. போலக் குறைய வேண்டும்; சரியான அளவு அந்தப் புத்தகத்தில் இருக்கும். டோவைத் திருத்தத் திருக வேண்டிய டை ராடு (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) மரை உப்புக்காற்றில் இறுகிக் கிடக்கும். முந்தின நாளே எண்ணெய் விட்டு வையுங்கள்.