சியாட்டிலா, போர்ட்லண்டா? இரு நகரங்களை எடைபோட்டுப் பார்க்கும் முறை

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் ஐ-5 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 280 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ள சியாட்டிலும் போர்ட்லண்டும் மழை, பசுமை, பனி மூடிய எரிமலைச் சிகரம், காப்பிக் கடைகள் என்று பலவற்றில் ஒத்திருக்கின்றன. குடியேற நினைப்பவர்கள் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் திணறுவதற்கு இந்த ஒற்றுமையே காரணம். இணையத்தில் கிடைக்கும் ‘வாழ்க்கைச் செலவுக் குறியீடு’ இதற்கு அதிகம் உதவாது. அது சராசரிக் குடும்பத்தின் கணக்கு. உங்களுக்குத் தேவை உங்கள் வீட்டின் ஒரு மாதக் கணக்கு. அதை எப்படிப் போடுவது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி: வரிக் கணக்கு

எக்செல் தாளில் நகரத்துக்கு ஒரு பத்தி வீதம் இரண்டு பத்திகளைத் திறந்து, முதல் வரிசையில் ஆண்டுச் சம்பளத்தை எழுதிக்கொள்ளுங்கள். சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலம் சாதாரணச் சம்பளக்காரரிடம் வருமான வரி வாங்குவதில்லை. அதற்குப் பதிலாகக் கடையில் வாங்கும் பெரும்பாலான பொருட்களுக்குச் சியாட்டிலில் 10 விழுக்காட்டுக்குச் சற்று மேல் விற்பனை வரி உண்டு. (சமைக்காத மளிகைப் பொருட்களுக்கு விலக்கு.) போர்ட்லண்ட் இருக்கும் ஓரிகன் மாநிலத்தில் விற்பனை வரியே கிடையாது, ஆனால் 8.75 விழுக்காடு என்ற வருமான வரி விகிதம், வரிக்குரிய வருமானம் 11,000 டாலரைத் தொடும் கட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது.

தனிநபர் ஒருவர் ஆண்டுக்கு 1,20,000 டாலர் ஈட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான கழிவுகள் போக, ஓரிகனுக்கு அவர் கட்ட வேண்டிய வருமான வரி ஏறத்தாழ 9,000 டாலர். அவரே சியாட்டிலில் வசித்து, வரிக்குரிய பொருட்களுக்கு ஆண்டுக்கு 25,000 டாலர் செலவிட்டால், விற்பனை வரி சுமார் 2,500 டாலர். அத்துடன் நீண்டகாலப் பராமரிப்பு நிதிக்கென வாஷிங்டன் மாநிலம் சம்பளத்தில் 0.58 விழுக்காடு, அதாவது சுமார் 700 டாலர், பிடித்துக்கொள்கிறது. ஓரிகன் வரியிலிருந்து இவை இரண்டையும் கழித்தால் சியாட்டிலுக்கு ஆண்டுக்கு 5,800 டாலர், மாதத்துக்கு 480 டாலர் அளவில் சாதகம் தெரிகிறது. இந்த 480 என்ற எண்ணைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

போர்ட்லண்டுக்கே உரிய மேலும் இரண்டு வரிகள் உண்டு. வீடற்றோர் உதவிக்குப் போர்ட்லண்ட் வட்டாரத்தின் ஆட்சி அமைப்பான மெட்ரோ 1 விழுக்காடும், மழலையர் பள்ளிகளுக்குப் போர்ட்லண்ட் அமைந்துள்ள மல்ட்னோமா கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) 1.5 விழுக்காடும் விதிக்கின்றன. 2021இல் நடைமுறைக்கு வந்தபோது இவை தனிநபரின் வரிக்குரிய வருமானத்தில் 1,25,000 டாலருக்கு மேற்பட்ட பகுதிக்கே பொருந்தின. இன்டெல் இருக்கும் ஹில்ஸ்பரோவும் நைக்கி தலைமையகத்தை ஒட்டிய பீவர்ட்டனும் வேறு கவுண்டியில் இருப்பதால், அங்கேயே வசித்து அங்கேயே வேலை செய்பவருக்கு இரண்டாவது வரி இல்லை.

இரண்டாம் படி: வாடகையை அந்த எண்ணோடு ஒப்பிடுதல்

நகரத்தின் சராசரி வாடகையைத் தேடாமல், அலுவலகத்திலிருந்து நீங்கள் ஏற்கக்கூடிய பயண நேரத்துக்குள் அமையும் இரண்டு மூன்று பகுதிகளை மட்டும் எடுத்து, ஒரே அளவுள்ள வீடுகளின் வாடகையை இரண்டு பத்திகளிலும் நிரப்புங்கள். மேலே கண்ட சம்பளத்தில் சியாட்டில் வீடு 480 டாலருக்கு மேல் கூடுதலாக இருந்தால், வரியில் மிச்சமானது வாடகையில் கரைந்துவிடும். பயண நேரத்தைக் கூகுள் மேப்ஸில் பார்க்கும்போது, செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று குறிப்பிட்டே பாருங்கள். ஞாயிறு மதியம் காட்டும் நேரத்தை நம்பி, சியாட்டிலுக்குக் கிழக்கே ஏரிக்கு அப்பால் இருக்கும் ரெட்மண்டில் வேலையும் தெற்குச் சியாட்டிலில் வீடும் பிடிப்பது வீண் வம்பு.

மூன்றாம் படி: வீடு வாங்குவதாக இருந்தால்

வாடகைக்கு இருப்பவர்கள் இதைத் தாண்டிச் செல்லலாம். ஓரிகனில் 1997இல் நிறைவேறிய 50ஆம் சட்ட முன்மொழிவின்படி, வரிக்கான வீட்டு மதிப்பு பொதுவாக ஆண்டுக்கு 3 விழுக்காட்டுக்கு மேல் ஏறக்கூடாது. வீடு கைமாறினாலும் அது சந்தை விலைக்கு மாற்றப்படுவதில்லை. இதன் விளைவு விசித்திரமானது. தொண்ணூறுகளில் மலிவாக இருந்து பிறகு விலை ஏறிய வடகிழக்குப் போர்ட்லண்டில் வரி குறைவாகவும், அவ்வளவு ஏறாத கிழக்கு ஓரத்தில் விலையோடு ஒப்பிட்டால் வரி கூடுதலாகவும் இருக்கும். ஆகவே முகவரியைப் போர்ட்லண்ட்மேப்ஸ் தளத்தில் இட்டு, அந்த வீட்டின் உண்மையான வரித் தொகையையே தாளில் எழுதுங்கள்.

நான்காம் படி: பருவம்

ஜூலையில் சுற்றிப் பார்த்தால் இரண்டு ஊர்களும் சொர்க்கம். நவம்பரிலோ ஜனவரியிலோ ஒரு வாரம் தங்கிப் பாருங்கள். டிசம்பரில் பகல் எட்டரை மணி நேரம்தான், அதுவும் பெரும்பாலும் மேகமூட்டத்தோடு. கோடையில் போர்ட்லண்ட் சற்றே கூடுதல் வெப்பமானது: 2021 ஜூன் 28 அன்று அங்கே 46.7 பாகை செல்சியசும் சியாட்டிலில் 42.2 பாகையும் பதிவாகின. போர்ட்லண்டின் டிராம் மின்கம்பி ஒன்று உருகியதும் அந்த நாட்களில்தான். இரண்டு நகரங்களிலும் பழைய அடுக்ககங்கள் பலவற்றில் ஏசி இல்லை என்பதால், பொருத்த அனுமதி உண்டா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேட்டுவிடுங்கள். நிலநடுக்க அபாயம் இரண்டுக்கும் பொது. வழக்கமான வீட்டுக் காப்பீடு அதை உள்ளடக்காது.

ஐந்தாம் படி: குறுக்குவழியைச் சோதித்தல்

கொலம்பியா ஆற்றின் வடகரையில், வாஷிங்டன் மாநிலத்துக்குள் இருக்கும் வான்கூவரில் வீடு பிடித்து, ஆற்றைக் கடந்து போர்ட்லண்டில் பொருட்களை வாங்கினால் இரண்டு வரிகளும் மிச்சம் என்று பலர் யோசனை சொல்வார்கள். வேலையிடம் ஓரிகனில் இருந்தால், அங்கே ஈட்டும் சம்பளத்துக்கு ஓரிகன் வரி கட்டியே ஆக வேண்டும். போர்ட்லண்டில் வாங்கிய காரை வான்கூவர் முகவரியில் பதிவு செய்யப் போனால், விற்பனை வரிக்கு ஈடான பயன்பாட்டு வரியை வாஷிங்டன் கேட்கும். வாஷிங்டன் எல்லைக்குள் வேலை செய்பவருக்கு மட்டும் இந்த ஊரை மூன்றாவது பத்தியாகச் சேர்ப்பதில் பொருள் உண்டு. அவரும் காலை நேரத்தில் ஆற்றுப் பாலத்தைக் கடக்க வேண்டிய தேவை வாரத்துக்கு எத்தனை முறை வரும் என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும்.