டெல்லிக் குளிர்: ஹீட்டர் வாங்குவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டிலிருந்து டெல்லிக்குக் குடிவந்தவர்கள் முதல் குளிரிலேயே ஹீட்டர் கடைக்கு ஓடுவார்கள். ஹீட்டர் வாங்குவதில் தப்பில்லை, வரிசைதான் தப்பு. இந்த ஊர் வீடுகள் மே, ஜூன் வெயிலை மனதில் வைத்துக் கட்டியவை. சில்லென்ற மார்பிள் தரை, சரியாக மூடாத ஜன்னல், கதவுக்கடியில் விரல் நுழையும் சந்து. டிசம்பர் கடைசியில் இரவு 5 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும்போது அந்தச் சந்துகளை விட்டுவிட்டு ஹீட்டரை ஓட்டினால், சூடாவது தெருதான்.

2000 வாட்ஸ் ஹீட்டர் மணிக்கு 2 யூனிட் இழுக்கும். தினம் 5 மணி நேரம் ஓடினால் மாதம் 300 யூனிட். டெல்லியில் 200 யூனிட் வரை பில் இல்லை, 400 வரை பாதி மானியம் என்ற ஏற்பாட்டில் இருப்பவர்கள் 400ஐத் தாண்டினால் அந்த மாதம் மானியமே கிடையாது. இன்வெர்ட்டர் ஏசியில் ‘ஹாட் அண்ட் கோல்டு’ வகை இருந்தால் அதையே ஓட்டுங்கள். வெளியிலிருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்து வருவதால், அதே சூட்டுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போதும். ஆயில் ஹீட்டர், குவார்ட்ஸ், பிளோயர் எல்லாமே யூனிட்டுக்கு ஒரே அளவு சூடுதான் தரும். ‘ஆயில் ஹீட்டர் கரண்டை மிச்சம் பிடிக்கும்’ என்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம்.

சந்து எங்கே என்று தேடாமல் டேப் ஒட்டுவது

காற்றடிக்கும் மாலையில் மின்விசிறியையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் அணைத்துவிட்டு, ஊதுவத்தியைக் கொளுத்தி ஜன்னல் சட்டங்களின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை எங்கே சட்டென்று வளைகிறதோ அங்கேதான் ஓட்டை. டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) கட்டிய பழைய ஃபிளாட்களின் இரும்பு ஜன்னல்கள் மூடாததற்குக் காரணம் பெரும்பாலும் துருவும், அடுக்கடுக்காகப் பூசிய பெயின்டும். அதைச் சுரண்டாமல் ஃபோம் டேப் ஒட்டினால் ஜன்னல் இன்னும் கொஞ்சம் திறந்துதான் நிற்கும். தூசியின் மேல் ஒட்டிய டேப் ஒரு வாரத்தில் உரிந்துவிடும். குளிரில் பசை சரியாகப் பிடிக்காது என்பதால் இந்த வேலையை அக்டோபரிலேயே முடிக்க வேண்டும். அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் என்றால் சட்டத்தின் ஓரத்தில் ஓடும் ரோமப் பட்டை தேய்ந்திருக்கும், அதை மட்டும் மாற்றினால் போதும். கீழ்ச் சட்டத்தில் இருக்கும் சிறு துளைகளை சிலிகானால் அடைத்துவிடாதீர்கள், மழைத் தண்ணீர் வெளியேறும் வழி அதுதான்.

வீட்டின் பெரிய ஓட்டை பலருக்கும் கண்ணில் படுவதே இல்லை: கூலர் நிற்கும் ஜன்னல். அதன் மேல் பெட்ஷீட்டைப் போர்த்திக் குளிர்காலத்தை ஓட்டுகிற வீடுகள் ஏராளம். அக்டோபர் கடைசியில் தண்ணீரை வடித்து, தொட்டியின் பக்கச்சுவரை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். டெங்கு கொசுவின் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்தும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த கோடையில் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வெறுமனே வடித்தால் போதாது என்பது அதனால்தான். பிறகு கூலரை நகர்த்தி ஜன்னலை மூடுங்கள். நகர்த்த முடியாவிட்டால் பிளைவுட் பலகையை அளவாக வெட்டி அடையுங்கள்.

மூடக்கூடாததை மூடுவது

மற்ற தவறுகள் காசைத்தான் தின்னும், இது உயிரைக் குடிக்கும். எரிகிற எதுவும் இருக்கும் அறையில் வெண்டிலேட்டரை (இங்கே இந்தியில் அதன் பெயர் ‘ரோஷன்தான்’) செய்தித்தாளால் அடைக்கக் கூடாது. புகைக்குழாய் இல்லாத கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டிவிட்டு, குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு குளிப்பதுதான் ஆபத்தின் உச்சம். சரியாக எரியாதபோது வெளிவரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று தொடங்கி, கதவைத் திறக்கத் தோன்றுவதற்குள் ஆள் விழுந்துவிடுவார். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் சரியாகிவிடாது. காற்று வர வழியில்லாத அறையில் அது கழிவு வாயுவை உள்ளேயே இழுத்துவிடவும் கூடும். கீசரை பால்கனியில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள்.

குளிர்காயக் கரி போட்டு எரிக்கும் அங்கீட்டி அடுப்பும் அப்படித்தான். புகை அடங்கிக் கங்கு சிவந்தபிறகு ஆபத்தில்லை என்று நினைத்து அறைக்குள் எடுத்து வருகிறார்கள். புகையில்லாத அந்தக் கங்குதான் மோனாக்சைடைத் தாராளமாக விடும். குடியிருப்போர் சங்கத்தில் இருப்பவர்கள் வாட்ச்மேன் கேபினுக்கு ஒரு மின்ஹீட்டர் வாங்கிக் கொடுப்பது நல்லது, அங்கேதான் அங்கீட்டி அதிகம். யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் கதவு, ஜன்னலைத் திறந்து ஆளை வெளியே கொண்டுவந்துவிட்டு 112ஐ அழையுங்கள்.

இதற்கு நேர்மாறான பயமும் உண்டு: மின்ஹீட்டர் ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்பது. தின்னாது. காற்று சூடாகும்போது அதன் ஈரப்பதம் குறைகிறது, மூக்கும் தொண்டையும் காய்வது அதனால்தான். பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பது அந்த வறட்சிக்குத்தான் ஏதோ கொஞ்சம் உதவும். கட்டிலிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் ஹீட்டர் 1 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். அதன் மேல் ஈரத்துணி போடவே கூடாது.

பிளக்கும் வயரும்

2000 வாட்ஸை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. அடாப்டர் மாட்டி அதில் ஓட்டினால் பிளாஸ்டிக் உருகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம், நேராக 16 ஆம்பியர் பாயின்டில் மாட்டுங்கள். அரை மணி ஓடியபின் ஹீட்டரை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பிளாஸ்டிக் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் சாக்கெட்டின் பிடி தளர்ந்திருக்கிறது, மாற்றுங்கள். கீசரும் ஹீட்டரும் சேர்ந்து ஓடி எம்சிபி (மின்சுமை கூடினால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்தால், பெரிய எம்சிபி போடச் சொல்லாதீர்கள். அது விழுவது வயரைக் காப்பாற்றத்தான். வாடகை வீட்டில் எர்த் இணைப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் இருக்க வேண்டும். தெற்கு டெல்லியின் முனிர்க்கா பக்கத்து வாடகை அறைகளில், வாளித் தண்ணீரில் முக்கிச் சூடாக்கும் வாட்டர் ஹீட்டர் ராடு சகஜம். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவியபிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும்.

சென்னைப் பழக்கத்தில் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் வாங்கினால் ஜனவரியில் ஏமாற்றம்தான். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் காலையில் 12 டிகிரி இருந்தால், 3000 வாட்ஸ் கீசர் நிமிடத்துக்கு 2 லிட்டரை 33 டிகிரிக்குத்தான் கொண்டுவரும். 15 லிட்டர் ஸ்டோரேஜ் வகை வாங்கி, தெர்மோஸ்டாட்டை 55இல் வையுங்கள். 2000 வாட்ஸ் என்றால் சூடாக 25 நிமிடம் போதும், நாள் முழுக்கப் போட்டு வைக்க வேண்டியதில்லை. சூடாகும்போது சேஃப்டி வால்வில் தண்ணீர் சொட்டுவது கோளாறு அல்ல, விரியும் தண்ணீருக்கு அதுதான் வழி. அதை அடைத்தால் டேங்க் வெடிக்கலாம். போர் தண்ணீர் என்றால் உப்பு படியும், டேங்கைத் துருவிலிருந்து காக்கும் மெக்னீசியம் ராடும் கரையும். வருடம் ஒருமுறை, குளிருக்கு முன்பே சர்வீஸ் செய்யுங்கள்.

அறையைக் காற்றாட விடுவது அதிகாலையில் வேண்டாம், புகைமூட்டம் தரையோடு படிந்திருக்கும் நேரம் அது. நண்பகல் 12க்கு மேல் 3 மணிக்குள் அரை மணி திறந்தால் போதும். தெற்கு ஜன்னலின் திரையைப் பகல் முழுவதும் விலக்கி வையுங்கள். டிசம்பரில் உச்சி வெயிலே 38 டிகிரி சாய்வில்தான் வரும், தரை வரை உள்ளே பாயும். நாலரை மணிக்கு மூடிவிடுங்கள். வடக்குச் சுவரோடு ஒட்டி நிற்கும் பீரோவை 10 சென்டிமீட்டர் முன்னே நகர்த்தவில்லை என்றால், பிப்ரவரியில் அதன் பின்னால் பூஞ்சைதான் இருக்கும்.