எந்த புரோகிராமிங் லாங்குவேஜ் படிக்கலாம்னு கேக்கறவங்களுக்கு

எங்க கிருஷ்ணகிரி பக்கம் கூழ் ஃபேக்டரிக்கு லோடு லோடா போறது பெங்களூரா மாங்கா, வீட்டுல நறுக்கி சாப்பிட செந்தூரா, லாங்குவேஜும் அப்டித்தான், எது பெஸ்ட்னு கேக்காதீங்க, எதுக்குன்னு கேளுங்க.

போன வாரம் மாமா பையன் ஒருத்தன் மாங்கா மண்டிக்கு பில் போடற ஆப் பண்ணணும், பைத்தான் படிக்கட்டுமான்னு கேட்டான். டேய், ஆண்ட்ராய்டு மட்டும்னா காட்லின்ங்கற லாங்குவேஜுக்கு போ, 2019லயே கூகுள் அதுக்குத்தான் முதலிடம்னு சொல்லிடுச்சு, ஐபோன்லயும் வேணும்னா ஒரே கோடுல ரெண்டு போனுக்கும் ஆப் பண்ற ஃப்ளட்டர், அதுக்கு டார்ட்ங்கற லாங்குவேஜ் படிக்கணும், ஆனா எழுதின கோட ஐபோன்ல ஓடற ஆப்பா மாத்த (பில்ட் எடுக்க) ஆப்பிளோட மேக் கம்ப்யூட்டர் ஒண்ணு வேணும், அந்த செலவ யாரும் முன்னாடியே சொல்ல மாட்டாங்க. இல்ல மண்டில ஏற்கனவே கம்ப்யூட்டர் இருக்கா, பேசாம வெப்சைட்டா பண்ணிடு, ஜாவாஸ்கிரிப்ட் போதும், எந்த போன்லயும் பிரவுசர்ல ஓடும்னேன்.

பைத்தான் டேட்டா, ஏஐ வேலைக்கு சூப்பர், மெதுவா ஓடும்னு சொல்றாங்களே, நம்பை (NumPy) மாதிரி லைப்ரரி, அதாவது ரெடிமேட் கோடு, அதுக்குள்ள கனமான கணக்கெல்லாம் வேகமான சி லாங்குவேஜ்ல தான் ஓடுது, அதனால பயப்படாதீங்க. சொட்டுநீர் மோட்டார ஆன் ஆஃப் பண்ற ஆர்டுயினோங்கற சின்ன கன்ட்ரோலர் போர்டுன்னா சி++ லாங்குவேஜ்.

பையன் இப்ப ஜாவாஸ்கிரிப்ட்ல உக்காந்திருக்கான், சீசனுக்குள்ள முடிப்பானான்னு பாக்கலாம்.