திருச்சில கார்பெண்டர் கூலி கட்டுமா கட்டாதா, கணக்கு போட்டு பாக்குறது எப்படி

போன வாரம் துறையூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி போன் பண்ணி, "அண்ணே திருச்சில மேஸ்திரி ஒருத்தர் நாளுக்கு 1100 தரேங்குறாரு, குடும்பத்தோட வந்துரலாமா"ன்னு கேட்டான். மாசம் எத்தனை நாள் வேலை இருக்கும்னு கேட்டேன், அத கேக்கலண்ணேங்குறான். சைட்டு எங்கன்னேன், அதுவும் கேக்கல. மனசுக்குள்ள 1100-ஐ முப்பதால பெருக்கி 33,000னு போட்டு வச்சிருக்கான், பொண்டாட்டிகிட்டயும் சொல்லிட்டானாம்! அவனுக்கு போன்ல சொன்னதத்தான் இங்க கொஞ்சம் வெலாவாரியா எழுதுறேன். தொகையெல்லாம் என் நோட்டுல இருக்குறது, உங்களுக்கு கூடவோ குறையவோ இருக்கும், அத மாத்திக்கோங்க, கணக்கு போடுற விதத்த மட்டும் எடுத்துக்கோங்க.

மொதல்ல ஒரு குயர் நோட்டு வாங்குங்க. போன்ல எழுதி வச்சா போன் மாத்தும்போது போயிரும். தேதி, எந்த சைட்டு, முழு நாளா அரை நாளா, கைக்கு வந்தது எவ்ளோ, பாக்கி எவ்ளோ, இவ்ளோதான் எழுதணும். நான் ஆறு வருஷமா எழுதுறேன். போன வருஷ நோட்டுல ஆவணி மாசம் 25 நாள் வேலை, மார்கழில வெறும் 13. காரணம் உங்களுக்கே தெரியும், ஆடிலயும் மார்கழிலயும் யாரும் புது வீடு குடி போக மாட்டாங்க, வாசக்கால் நிலை வைக்க மாட்டாங்க. தை பொறந்துட்டா, வைகாசி ஆவணி வந்துட்டா, கிரகப்பிரவேச தேதிய குறிச்சிட்டு வந்து "ஆசாரி, பத்து நாள்ல முடிச்சி குடுத்துருங்க"ன்னு நிப்பாங்க, அப்ப ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் மெஷின் ஓடும். அது போக ஞாயித்துக்கிழமை லீவு, எங்க செட்டுல அமாவாசைக்கும் உளி எடுக்க மாட்டோம், பெயிண்டர் இன்னும் முடிக்கலன்னு ரெண்டு நாள், பிளைவுட் வந்து சேரலன்னு ஒரு நாள். எல்லாத்தையும் கூட்டி பன்னெண்டால வகுத்தா மாசத்துக்கு 22 நாள்தான் தேறுது. புதுசா வர்றவங்க 20 நாள்னே வச்சு போடுங்க, ஆளு பழகுறதுக்கே ரெண்டு மூணு மாசம் ஆகும்.

சரி 22 x 1100 = 24,200. இது கூலி. இதுல வேலைக்குப் போறதுக்கே ஆகுற செலவு இருக்குல்ல, அத கழிக்கணும். எனக்கு சைட்டு ஒரு நாள் ஸ்ரீரங்கம், ஒரு நாள் கே.கே.நகர், ஒரு நாள் துவாக்குடி, சராசரியா போக வர 30 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் நூத்த தாண்டி ரொம்ப நாளாச்சு, பழைய வண்டி 45தான் குடுக்குது, ஆக மாசம் 1500. டீ வடை தண்ணி பாட்டில்னு நாளுக்கு 60, அது 1320. அப்புறம் கட்டர் பிளேடு, டிரில் பிட்டு, ரௌட்டர் பிட்டு, இத நிறைய பேரு கணக்குலயே சேக்க மாட்டாங்க. பழைய ஆளுங்க இழைப்புளி, உளி, கொட்டாப்புளி, மூலமட்டம் இருந்தா ஜென்மத்துக்கும் போதும்பாங்க, அது மரத்துல வேலை பாத்த காலம். பிளைவுட்ட அறுக்கும்போது உள்ள இருக்குற பசை பிளேட மொக்க ஆக்கிரும், அதும் பிளைவுட் மேல ஒட்டுற மைக்கா ஷீட்ட பிசிறில்லாம வெட்டணும்னா பிளேடு புதுசா இருக்கணும். மெஷின் கார்பன் பிரஷ், ஒயரு எல்லாம் சேத்து 700 வைங்க.

மொத்தமா கழிச்சா 20,680. இத 30 நாளால வகுங்க, 689 ரூபா வரும். சோறு திங்குறது முப்பது நாளும்தானே, அதனால உங்க நிஜக் கூலி இந்த 689தான். மேஸ்திரிகிட்ட பேசும்போது 1100ஐ வச்சு பேசுங்க, வீட்ல பேசும்போது இத வச்சு பேசுங்க.

இப்ப வீட்டு செலவு. வாடகைல இருந்து ஆரம்பிக்கணும், ஏன்னா மத்தத குறைக்கலாம் இத குறைக்க முடியாது. தில்லைநகர், கண்டோன்மெண்ட் பக்கமெல்லாம் நம்ம வேலை செய்யப் போற ஏரியா, குடியிருக்குற ஏரியா இல்ல. நான் இருக்குறது அரியமங்கலம் தாண்டி, ஒரு பெட்ரூம் 6500. வீடு பாக்கும்போது மூணு விஷயம் கேளுங்க. ஒண்ணு அட்வான்ஸ், 2017ல வந்த வாடகை சட்டத்துல மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாதுன்னுதான் இருக்கு, ஆனா அக்ரிமெண்ட்ல நீங்களே அதிகமா ஒத்துக்கிட்டா அது செல்லும், அதனால கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே பேசிருங்க. ரெண்டாவது கரண்டு. தமிழ்நாட்டுல வீட்டு கனெக்‌ஷனுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீ, ஆனா ஓனர் ஒரே சர்வீஸ்ல மூணு போர்ஷனுக்கு சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு ஃபிளாட்டா ஒரு ரேட்டு வாங்குவாரு, அந்த ஃப்ரீ உங்களுக்கு வராது. வாடகை 500 கம்மின்னு போய் மாட்டிக்காதீங்க, தனி மீட்டரான்னு பாருங்க. மூணாவது டவுன் பஸ். 2021ல இருந்து சாதாரண கட்டண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, வீட்டம்மா சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடைக்கு வேலைக்குப் போறாங்கன்னா பஸ் ரூட்டு மேலயே வீடு இருந்தா மாசம் ஆயிரம் ரூபா கூட மிச்சம் ஆகும். பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டு 2025ல தொறந்ததுல இருந்து அந்த பக்கம் வீடு பாருங்கன்னு புரோக்கர் சொல்லுவாரு. எனக்கென்னமோ அவசரப்பட வேணாம்னு தோணுது.

என் வீட்டு கணக்கு இது, நாங்க ரெண்டு பேரு, ரெண்டு பசங்க: வாடகை 6500, கரண்டு 600, கேஸ் 900, மளிகை 4500, காய் பால் மீன் 3500, ஸ்கூல் வேன் நோட்டு புக்கு 2500, ரெண்டு போன் ரீசார்ஜ் 600, மருந்து மாத்திரை 500. மொத்தம் 19,600. மளிகை 4500ல நிக்கிறதுக்கு காரணம் ரேஷன் கார்டு, அரிசி ஃப்ரீ, துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் 25, அதனால ஊர்ல இருந்து வரும்போது மொத வேலையா கார்டுல அட்ரஸ மாத்துங்க. காய் காந்தி மார்க்கெட்ல இல்லன்னா பொன்மலை ஞாயித்துக்கிழமை சந்தைல வாங்குறோம். கட்டு சோறு எடுத்துட்டு போக முடியாத நாள்ல மத்தியானம் அம்மா உணவகத்துல சாம்பார் சாதம் அஞ்சு ரூபா, தயிர் சாதம் மூணு ரூபா, கவுரவம் பாத்தா கட்டாது.

20,680ல 19,600 போச்சு, மிச்சம் 1080. இதுல மொய் வரல. வைகாசில ஒரே வாரத்துல மூணு கல்யாணம் ஒரு காதுகுத்து வந்துச்சு, அவ்ளோதான், சீட்டு கட்ட கைமாத்து வாங்குனேன். அதனால 1100 கூலிக்கு திருச்சி கட்டுமான்னா, கட்டும், ஆனா ஒத்த ஆள் சம்பாத்தியத்துல மூச்சு விட எடம் இருக்காது. தம்பிகிட்ட சொன்னது, மொத மூணு மாசம் நீ மட்டும் வா, ரெண்டு பேரோட ரூம் ஷேர் பண்ணு, நோட்ட எழுது, 22 நாள் தேறுதான்னு பாரு, அப்புறம் குடும்பத்த கூட்டிட்டு வா.

அப்ப மிச்சம் எங்க இருந்து வரும்னா, ஸ்கொயர் ஃபீட் காண்ட்ராக்ட்லதான். ஆனா அதுலதான் நிறைய பேரு கைய சுட்டுக்கிறது. ஒரு உதாரணம் பாருங்க. வார்ட்ரோப் ஒண்ணு, ஒசரம் 7 அடி, அகலம் 6 அடி, முன்பக்க அளவு 42 ஸ்கொயர் ஃபீட். லேபர் மட்டும் ஸ்கொயர் ஃபீட்டுக்கு 220ன்னு பேசுனா 9240. கூட ஒரு ஹெல்பர், அவருக்கு நாளுக்கு 700. அஞ்சு நாள்ல முடிச்சா ஹெல்பருக்கு 3500 போக 5740, உங்களுக்கு நாளுக்கு 1148. பரவால்ல. அதே வேலை ஆறு நாள் இழுத்தா? 4200 போக 5040, நாளுக்கு 840 ஆயிடுது, நாள் கூலிக்கே போயிருக்கலாம். அந்த ஒரு நாள் எதுல போவுதுன்னா, பேசாம விட்டதுல. உள்ளாற மைக்கா உண்டா இல்ல பெயிண்டா, டிராயர் எத்தனை, மேல பரண் கதவு அளவுல சேருமா, ஆட்டோ ஹிஞ்ச் அவங்க வாங்கித் தரணுமா, எட்டுக்கு நாலு அடி பிளைவுட் ஷீட்ட மூணாவது மாடிக்கு யாரு ஏத்துறது. கடைசியா சொன்னத சிரிச்சிட்டு விட்டுறாதீங்க, உறையூர்ல ஒரு வீட்ல லிஃப்ட் இல்லாம பதினாலு ஷீட்டு நானும் ஹெல்பரும் தூக்குனோம், அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் ஒரு துண்டு அறுக்கல, மறுநாள் அவன் இடுப்பு வலின்னு வரல. இப்பல்லாம் துண்டு சீட்டுல எல்லாத்தையும் எழுதி வீட்டுக்காரர் போனுக்கே அனுப்பிருவேன்.

மர வேலை பேசுறதா இருந்தா கன அடி கணக்கு கைல இருக்கணும். அகலம் இஞ்சு, கனம் இஞ்சு, நீளம் அடி, மூணையும் பெருக்கி 144ஆல வகுக்கணும். 5 இஞ்சுக்கு 3 இஞ்சு நிலை, மொத்த நீளம் 21 அடின்னா பெருக்குனா 315, வகுத்தா 2.19 கன அடி. வீட்டுக்காரரு மரக்கடைல பில்லு போடும்போது பக்கத்துல நின்னு இத சொன்னீங்கன்னா அடுத்த வேலையும் உங்களுக்குத்தான். கடைக்காரங்க ஆசாரிக்குன்னு ஒரு கமிஷன் குடுப்பாங்க, வாங்குறதும் வாங்காததும் உங்க இஷ்டம், ஆனா அத மாச வருமானத்துல எழுதாதீங்க, எப்ப வரும் எப்ப வராதுன்னு தெரியாது. நிலை வைக்கிற அன்னைக்கு வேட்டி துண்டு வெத்தலபாக்குல பணம் வச்சு குடுப்பாங்க, அதுவும் கணக்குல வராது, அது வேற சந்தோஷம்.

பணம் வாங்குற விஷயம். நாள் கூலின்னா சனிக்கிழமைக்கு சனிக்கிழமை நேர் பண்ணிரணும், ரெண்டு சனி தாண்டுச்சுன்னா வேற சைட்டு பாருங்க. காண்ட்ராக்ட்னா மூணு தவணை, ஆரம்பிக்கும்போது, கதவு இல்லாம வெறும் பாக்ஸா நிக்கும்போது, கதவு மாட்டுறதுக்கு முன்னாடி. கதவு மாட்டுனதுக்கு அப்புறம்னு சொன்னா ஒத்துக்காதீங்க. ஒரு இண்டீரியர் காண்ட்ராக்டர்கிட்ட சப்-காண்ட்ராக்ட் எடுத்து, "ஹேண்டோவர் ஆகட்டும் மேஸ்திரி"ன்னு அவரு சொன்னத நம்பி கைப்பிடி வரைக்கும் மாட்டிக் குடுத்தேன், 18,000 பாக்கி, ரெண்டு வருஷம் ஆச்சு, இப்ப என் நம்பர்ல இருந்து போன் போனா எடுக்குறதில்ல.

கடைசியா, கட்டுமான தொழிலாளர் நல வாரியத்துல பதிஞ்சிருங்க, 18ல இருந்து 60 வயசு வரைக்கும் பதியலாம், தச்சு வேலையும் அதுல வரும். பசங்க படிப்புக்கு உதவித்தொகை, விபத்துன்னா இழப்பீடு, 60க்கு மேல பென்ஷன் எல்லாம் இருக்கு. ரினியூவல் தேதிய மட்டும் நோட்டோட மொத பக்கத்துல எழுதி வைங்க, நான் ஒரு தடவ விட்டுட்டு அலைஞ்சேன். சொந்தமா மெஷின் வாங்கணும்னா 35 வயசு ஆனவங்களுக்கு கலைஞர் கைவினைத் திட்டத்துல 3 லட்சம் வரைக்கும் லோன், அதுல 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 மானியம். மாவட்ட தொழில் மையத்துல போய் கேளுங்க, போகும்போது அந்த குயர் நோட்டையும் எடுத்துட்டு போங்க, மாசம் எவ்ளோ வருதுன்னு கேட்டா காட்டலாம்.