ஒரே அர்த்தத்துக்கு மூணு இங்கிலீஷ் வார்த்தையா? எது எங்கேந்து வந்துச்சுன்னு பிடிக்கிறது எப்படி

மொதல்ல மனப்பாடம் பண்றதை விடுங்க. ஆஸ்க், க்வெஸ்ச்சன், இன்டராகேட், மூணும் கேக்குறதுதான், ஆனா ஆஸ்க் இங்கிலாந்து மண்ணோட பழைய வார்த்தை, க்வெஸ்ச்சன் பிரெஞ்சு வழியா வந்தது, இன்டராகேட் லத்தீன்லேந்து எடுத்தது. நம்ம கேக்குறதுக்கும் வினவுறதுக்கும் நடுவுல ஒரு தூரம் இருக்குல்ல, அதே கதைதான். கிங்லி, ராயல், ரீகல் இதையும் இப்படியே வரிசையா வெச்சுப் பாருங்க.

இதுக்கெல்லாம் ஆரம்பம் 1066. பிரான்ஸோட வடக்குல இருக்கற நார்மண்டிலேந்து அதை ஆண்ட வில்லியம் வந்து இங்கிலாந்தைப் பிடிச்சாரு, அப்புறம் அரண்மனை, கோர்ட்டு எல்லாம் பிரெஞ்சு, சர்ச்சுலயும் படிப்புலயும் லத்தீன், வயல்ல நின்னவன் மட்டும் இங்கிலீஷ். 1362ல கோர்ட்டுல இங்கிலீஷ்ல வாதாடணும்னு சட்டம் போட்டாங்க, கூத்து என்னன்னா அந்தச் சட்டத்தையே பிரெஞ்சுலதான் எழுதுனாங்க, பதிவு லத்தீன்ல இருக்கணும்னு வேற சொல்லிட்டாங்க.

கௌ மேயும்போது இங்கிலீஷ், தட்டுக்கு வந்தா பீஃப், பிரெஞ்சு. ஷீப் மட்டன் ஆகுறதும் பிக் போர்க் ஆகுறதும் இதே மாதிரிதான். ஆனா மேய்ச்சவன் ஒரு பேரு சாப்பிட்டவன் ஒரு பேருன்னு அன்னிக்கே பிரிஞ்சுடல, ரொம்ப காலம் மட்டன்னு ஆட்டையே சொல்லிட்டுத்தான் இருந்தாங்க.

அடுத்து ஜோடி தேடுங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இது. ஃப்ரெயில், ஃப்ராஜைல் ரெண்டும் ஃப்ராகிலிஸ்ங்கற ஒரே லத்தீன் வார்த்தைதான். பிரெஞ்சுக்காரங்க வாயில பல நூற்றாண்டு உருண்டு தேஞ்சு வந்தது ஃப்ரெயில், புஸ்தகத்துலேந்து முழுசா வந்தது ஃப்ராஜைல். ஷ்யூர், செக்யூரும் அப்படித்தான். அதனால குட்டையா தேஞ்சிருந்தா பிரெஞ்சு வழி, எழுத்தெல்லாம் அப்படியே நின்னா லத்தீன்னு பெரும்பாலும் சொல்லிடலாம். வாரண்டியா கேரண்டியான்னு கேப்போமே, அதுவும் ஒரே வார்த்தைதான், நார்மண்டிக்காரன் 'வ'ன்னு ஆரம்பிச்சதை பாரிஸ்காரன் 'க'ன்னு ஆரம்பிச்சான், அவ்ளோதான்.

ஸ்பெல்லிங்கை மட்டும் நம்பிடாதீங்க. கடனுக்கு டெட்னு சொல்றோம், நடுவுல ஒரு பி எதுக்கு? பிரெஞ்சுலேந்து வந்தப்ப அந்த பி கிடையாது, டெபிட்டும்ங்கற லத்தீன் மூலத்தைக் காட்டணும்னு பின்னாடி வந்த பண்டிதர்கள் சொருகுனது. அந்த பி-யை விட்டுட்டு நான் பரிட்சைல மார்க்கு இழந்திருக்கேன், நியாயமா பாத்தா பழைய ஸ்பெல்லிங்படி நான்தான் கரெக்ட்டு! ஐலண்டுல இருக்கற எஸ் அதைவிட மோசம். அது லத்தீன் வார்த்தையே இல்ல, சுத்தமான பழைய இங்கிலீஷ், ஐல்ங்கற பிரெஞ்சு வார்த்தையோட குழப்பிக்கிட்டு சும்மா சேத்துவிட்டது. சந்தேகம் வந்தா டிக்‌ஷனரில அந்த வார்த்தைக்குப் பக்கத்துல பொடி எழுத்துல மூலம் போட்டிருப்பான், அதைப் பாத்துடுங்க.